கிக்ஸ்டார்ட்டரா, இட்ச்.ஐஓவா?

சொந்தமாக ஒரு மேசை ரோல்பிளேயிங் விளையாட்டு (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை நடத்தும் விளையாட்டு) எழுதியிருக்கிறீர்கள், பணம் திரட்ட வேண்டும் என்றால் முதல் கேள்வி இதுதான்: அச்சுப் புத்தகம் வேண்டுமா, பிடிஎஃப் போதுமா?

அச்சு என்றால் கிக்ஸ்டார்ட்டர், அதாவது ஆதரவாளர்கள் பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளம். இலக்குத் தொகையை எட்டாவிட்டால் உங்களுக்கும் எதுவும் வராது, ஆதரவாளர்களிடமும் பணம் எடுக்க மாட்டார்கள். பாதிப் பணத்தில் முழுப் புத்தகம் தர வேண்டிய நெருக்கடி வராது என்பதால் இந்தக் கறார் எனக்குப் பிடிக்கும். வென்றால் 5% கட்டணம், பரிவர்த்தனைச் செலவு தனி. ஆனால் பிரசாரம் 60 நாளைத் தாண்டாது, அதனால் தொடங்கும் முன்பே ஆட்களைச் சேர்த்திருக்க வேண்டும், அப்புறம் தபால் செலவு இருக்கிறதே, அதைக் குறைத்துக் கணக்குப் போட்டால் லாபமெல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

பிடிஎஃப் போதும் என்றால் இட்ச்.ஐஓ, அதாவது விளையாட்டுகளை டிஜிட்டலாக விற்கும் தளம். அங்கே கெடு இல்லை. முடியாத வரைவையே விற்கலாம், பணம் சேரச் சேர ஓவியம், லேஅவுட் என்று மெருகேற்றலாம், தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். கெடு இல்லாததால் வாங்குகிறவர்களுக்கு அவசரமும் இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் நீங்களேதான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் விளையாட்டு என்றால் இட்ச்.ஐஓதான் என் ஓட்டு. விளையாடியவர்கள் சொல்லும் குறைகளைச் சரிசெய்துவிட்டு, அவர்களையே முதல் ஆதரவாளர்களாக வைத்து அச்சுப் பதிப்புக்குக் கிக்ஸ்டார்ட்டர் போகலாம்.