அச்சு முறிந்த வண்டியும் காணாமற்போன உவமேயமும்: குன்னூரில் ஓர் அணியிலக்கண வகுப்பு

குன்னூரில் ஒரு பயிற்சி நிலையம் சனிக்கிழமைதோறும் நடத்தும் அணியிலக்கண வகுப்பில் 1,200 ரூபாய் கட்டி எட்டு வாரம் படித்தேன். அரசுத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களே மிகுதி. என்னைப்போல் ஆசைக்காக வந்தவர்கள் மூவர். அருஞ்சொல்லைத் தனிப் பாடமாக ஒதுக்காமல் அணியோடு சேர்த்தே நடத்துவதுதான் இவ்வகுப்பின் பலம்.

முதல் நாள் ஆசிரியர் பலகையில் எழுதியது ஒரே ஒரு குறள்: “பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்.” பீலி மயிலிறகு, சாகாடு வண்டி, இறும் என்றால் முறியும் என்று பிரித்துக் காட்டியவர், மழைக்கு மட்டுமே நாம் வைத்திருக்கும் ‘பெய்’ என்ற சொல் இங்கே சரக்கேற்றுவதைக் குறிக்கிறது என்றபோது, பள்ளியில் மனப்பாடம் செய்த குறள் எனக்கு அன்றுதான் விளங்கியது. “தேயிலைக் கொழுந்து கனமா? அதை அளவுக்கு மீறி ஏற்றிய பிக்கப் வண்டி கட்டபெட்டு ஏற்றத்தில் என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டு, “உவமை இருக்கிறது, உவமிக்கப்படும் பொருளான உவமேயம் எங்கே?” என்றார். “காணோம், ஐயா” என்றாள் பின்வரிசைப் பெண். சொல்ல வந்ததை மறைத்து உவமையை மட்டும் நிறுத்தும் இதுவே பிறிதுமொழிதல் என்றும், குறள் வலியறிதல் அதிகாரத்தில் இருப்பதால் எளியவரும் பலராய்த் திரண்டால் வலியவன் தாங்கமாட்டான் என்பதே மறைந்துள்ள பொருள் என்றும் அதன்பிறகே விளக்கினார்.

“தேவர் அனையர் கயவர்” என்று புகழ்வதுபோல் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வகுப்பு தானாகச் சிரித்தது.

குறை, கையில் தரும் அச்சுப் பிரதியில் இருக்கிறது. தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் கூறும் 35 பொருளணிகளின் பெயர்களும் வரிசையாக உள்ளன. பாதிக்கு எடுத்துக்காட்டு இல்லை. அருஞ்சொற்களும் பாட்டைவிட்டுப் பிடுங்கப்பட்டு அகரவரிசையில் கிடக்கின்றன. சன்னல் வழியே மூடுபனி நுழைந்த ஒரு மாலையில், ‘மஞ்சு’ தமிழில் மேகம், பக்கத்துக் கன்னடத்தில் இந்தப் பனியேதான் என்று ஆசிரியர் சொன்னது மனத்தில் பதிந்தது. பிரதியிலோ ‘மஞ்சு – மேகம்’ என்பதோடு சரி. போதாக்குறைக்கு ‘அச்சிறும்’ என்பது ‘அச்சிரும்’ என்று அச்சாகி, முறியவேண்டிய அச்சை மரியாதையோடு உட்காரச் சொல்லியிருக்கிறது. சுட்டிக்காட்டியும் எட்டாம் வாரம்வரை திருத்தவில்லை.

மாதிரித் தேர்வு நடத்துவதில்லை என்பதால், மதிப்பெண்ணை மட்டும் நாடுவோருக்கு இது ஏமாற்றமளிக்கலாம். செய்யுளை நிறுத்திப் படிக்க விரும்புவோர் தயங்காமல் சேரலாம். அறையில் குளிர் அதிகம், ஸ்வெட்டரோடு செல்லுங்கள்.