கால்வாய்க்குக் கான்கிரீட்டா, தோட்டத்துக்குச் சொட்டுநீரா?

காவிரியில் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்சநீதிமன்றம் அறுதியிட்டுவிட்டது. அதன் துணையாறான பவானியை நம்பியுள்ள கொங்குப் பகுதியோ மழைமறைவுப் பிரதேசம். எனவே இருக்கும் நீரை எங்கே மிச்சம் பிடிப்பது என்பதே இங்குள்ள கேள்வி. பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கி.மீ. ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தரும் கீழ்பவானி மண் கால்வாய்க்குக் கான்கிரீட் தளமிட்டுக் கசிவை அடைக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. கால்வாயை மண்ணாகவே விட்டு, வயலில் சொட்டுநீர் அமைக்கலாம் என்பது மறு தரப்பு. மஞ்சளும் தென்னையும் உள்ள எங்கள் தோட்டத்துக்குச் சொட்டுநீரைத் தேர்ந்தவன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

கான்கிரீட் தளமிட்டால் நீர் விரைந்து ஓடும், கரை உடைவது குறையும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டும். கடைமடைக்காரரின் ஆதங்கம் நியாயமானது. சொட்டுநீரில் களை குறைவு. உரத்தையும் நீரோடு விடலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் உண்டு. வடிகட்டியைக் கழுவுவது, உப்பு அடைத்த துளைகளுக்கு அமிலம் விடுவது, அணில் கடித்த குழாயை மாற்றுவது என்று வேலை மட்டும் ஓயாது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முடிவைத் தீர்மானித்தது, கசியும் நீர் எங்கே போகிறது என்பதுதான். கால்வாயில் கசிவதைக் கணக்கேடு இழப்பு என்று எழுதிக்கொள்கிறது. ஆனால் அந்த நீரில் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்கி, கால்வாயை ஒட்டிய கிணறுகளில் ஊறுகிறது. ஆயக்கட்டின், அதாவது கால்வாய் பாயும் நிலப்பரப்பின், ஒரு பாதிக்குத் தண்ணீர் விடும் பருவத்தில் மறுபாதி காத்திருக்கும் முறைப்பாசனத்தில், காத்திருக்கும் பாதியின் தென்னையைக் காப்பது அந்த ஊற்றுதான். சொட்டுநீருக்கோ நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, அழுத்தத்தோடு நீர் வேண்டும். முறை வைத்து வரும் கால்வாய் நீரால் அதை நேரடியாகத் தர இயலாது, கிணறே தர வேண்டும். கசிவை அடைத்தால் கிணறு வற்றும், கிணறு வற்றினால் மானியத்தில் போட்ட குழாய்கள் வெறுமனே கிடக்கும். ஆகவே இவ்விரண்டையும் ஒருசேரச் செய்யலாம் என்ற சமரசப் பேச்சு எனக்கு ஏற்புடையதன்று. வயலில் வெயில் உறிஞ்சும் நீர் எவர் கிணற்றுக்கும் திரும்புவதில்லை. மிச்சம் பிடிக்க வேண்டியது அதைத்தான், சொட்டுநீர் குறைப்பதும் அதைத்தான்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. மிச்சமான நீரைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கரில் பயிர் வைத்துவிட்டால், தோட்டக்காரருக்கு லாபம், ஆற்றுக்கு ஒன்றுமில்லை. நிலத்தடி நீருக்கு அளவீடும் வரம்பும் இல்லாதவரை அப்படித்தான் நடக்கும். நெல்லுக்கு நான் சொட்டுநீர் போட்டுப் பார்த்ததில்லை. நஞ்சைக்காரர்களுக்கு என் அனுபவம் உதவாது. உடையும் இடங்களிலும் மதகுகளை ஒட்டியும் மட்டும் கான்கிரீட்டால் பலப்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. கடைமடையின் குறைக்கு அதுவும் பகிர்மான வாய்க்கால்களைத் தூர்வாருவதும் போதுமா என்பதை அங்குள்ளவர்களே சொல்ல வேண்டும்.