40 வாட் ட்யூப் ஆம்பும் சின்ன மேடையும்: பல வருடம் வாசித்த பிறகு

ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் என்ற கிட்டார் ஆம்பைப் (ஆம்ப்ளிஃபையர்) பல வருடமாக மேடையில் வைத்து வாசித்து வருகிறேன். 40 வாட், இரண்டு 6எல்6 பவர் ட்யூப் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடி வால்வு), ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், எடை 20 கிலோ அளவில். கிளீன் டோனுக்காக, அதாவது கரகரப்பில்லாத சுத்தமான ஒலிக்காக, வாங்கியது. அந்த விஷயத்தில் இன்றைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது சத்தத்தைப் பற்றி. இவ்வளவு சத்தம் போடக்கூடிய பெட்டியைச் சின்ன மேடையில், பாடகரும் சவுண்ட் இன்ஜினியரும் முகம் சுளிக்காமல் எப்படி ஓட்டுவது?

முதலில் வாட் கணக்கு. 40 வாட்டுக்குப் பதில் 20 வாட் ஆம்ப் வாங்கினால் சத்தம் பாதியாகிவிடாது, 3 டெசிபெல்தான் குறையும். காதுக்குப் பாதி என்று தோன்ற 4 வாட்டுக்கு இறங்க வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் வேறு சாமானியமானவை இல்லை. ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97, 100 டெசிபெல் என்று கத்தும் ரகங்கள் நிறைய. அதனால் "15 வாட் வாங்கிடுங்க ப்ரோ, பிரச்சினையே இருக்காது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். சின்ன ஹாலில் அந்த 15 வாட்டும் அதிகம்தான்.

என்னிடம் இருப்பது பழைய மாடல். வால்யூம் நாப் 1-இல் இருக்கும்போது சாது, 2-ஐத் தாண்டினால் ஹால் முழுக்கக் கேட்கும். பிறகு வந்த மாடல்களில் இந்த ஏற்றத்தை ஃபெண்டரே நிதானமாக்கிவிட்டது. பழசை வைத்திருப்பவர்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு. பின்பக்கம் இருக்கும் பிரீஆம்ப் அவுட் (டோனை அமைக்கும் முன்பகுதியின் வெளியீடு), பவர் ஆம்ப் இன் (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதியின் உள்ளீடு) இரண்டுக்கும் நடுவே ஒரு வால்யூம் டப்பா போடுவது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு 100கே ஆடியோ டேப்பர் பாட் (வால்யூம் திருகும் பாகம்), இரண்டு ஜாக், ஒரு சின்ன அலுமினிய டப்பா வாங்கினால் முடிந்தது. இப்போது ஆம்பின் நாப்பை 4, 5 என்று வைத்துவிட்டு மொத்தச் சத்தத்தை டப்பாவில் இறக்கிக்கொள்ளலாம். கேபிள் குட்டையாக, ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும், இல்லையென்றால் ஹம் என்கிற இரைச்சல் வரும். முதல் பிரீஆம்ப் ட்யூபான 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைந்த 5751 ட்யூப் போட்டுப் பார்த்தேன். நாப்பில் கொஞ்சம் இடம் கிடைத்தது. அவ்வளவுதான்.

அட்டென்யுவேட்டரும் வைத்திருந்தேன். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்து பவரை விழுங்கும் பெட்டி அது. என்னுடையது ஒரே அளவாக 20 டெசிபெல் குறைப்பது. அதாவது 40 வாட் 0.4 வாட் ஆகிவிடும். நிஜ டிரம்ஸுக்குப் பக்கத்தில் அது எடுபடாது. அபார்ட்மென்ட்டிலோ அந்த 0.4 வாட்டே பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பப் போதும். வாங்குவதானால் படிப்படியாகக் குறைக்கும் வகையைப் பாருங்கள். ஆம்பின் ஓம் அளவோடு (மின்தடை) பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், என் ஆம்புக்கு 8 ஓம். இன்னொன்று: ஸ்பீக்கரோ லோடோ மாட்டாமல் ட்யூப் ஆம்பை வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும்.

இத்தனைக்கும் மேல் எனக்கு உதவியது காசு செலவில்லாத ஒன்று: ஆம்ப் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. கிட்டார் ஸ்பீக்கரிலிருந்து ட்ரெபிள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் பாயும், பக்கவாட்டில் அதிகம் பரவாது. ஆம்ப் தரையில் இருந்தால் அந்தப் பாய்ச்சல் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் போகிறது. மேலே நிற்கும் அவருக்கு டோன் மந்தமாகக் கேட்கும், உடனே குனிந்து ட்ரெபிளை ஏற்றுவார். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். நான் இப்போது ஆம்பை மேடை ஓரத்தில், பின்னுக்குச் சாய்த்து, என் முகத்தைப் பார்க்கிற மாதிரி மானிட்டர் (வாசிப்பவர் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) போல வைக்கிறேன். முன்புறம் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்தால் போதும். இப்படி வைத்ததும் 7-இல் இருந்த ட்ரெபிள் 4-க்கு வந்தது, வால்யூமும் தானாக இறங்கியது. ஆடியன்ஸுக்குப் போக வேண்டியதை ஸ்பீக்கர் முன்னால் இருக்கும் எஸ்எம்57 மைக் பார்த்துக்கொள்ளும்.

எல்லா மேடைக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். டிரம் கிட் இருக்கும் பப்பில் அதிலுள்ள ஸ்நேர் டிரம்மின் சத்தம்தான் அளவுகோல். அதற்குச் சமமாக ஆம்ப் நின்றால் போதும். கல்யாண ரிசப்ஷன் லைட் மியூசிக் வேறு கதை. ரிதம் எலக்ட்ரானிக் பேடில், கீபோர்டு நேராக மிக்சருக்கு, பேஸும் அப்படியே. மேடையில் சொந்தமாகச் சத்தம் போடுவது மானிட்டரை விட்டால் என் ஆம்ப் ஒன்றுதான். "அண்ணா, உங்க கிட்டார் என் மைக்ல வருது" என்பார் பாடுகிற பெண். சவுண்ட்காரர் அங்கிருந்தே, "தம்பி, உங்க ஃபேடரைச் சுத்தமா இறக்கிட்டேன், இன்னும் கேக்குது" என்பார், ஃபேடர் என்றால் மிக்சரில் என் கிட்டாருக்கான வால்யூம். இருவர் சொல்வதும் நியாயம். பாடகர் மைக்கில் புகுந்த கிட்டாரைப் பிரித்தெடுக்க எந்த மிக்சராலும் ஆகாது. அந்த மாதிரி நிகழ்ச்சிக்கு நான் ஆம்பே கொண்டுபோவதில்லை. கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வது) உள்ள பெடலை, சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸில் போட்டு நேராக மிக்சருக்குக் கொடுத்துவிடுவேன். ஸ்பீக்கரிலிருந்து சட்டை படபடக்கிற காற்று வராதுதான். ஆனால் பாட்டு தெளிவாகக் கேட்கும்.

வீட்டில் மெதுவாக வைத்துச் செய்த செட்டிங்கை மேடையில் நம்ப வேண்டாம். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் குறைவாகத்தான் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே வரைந்து காட்டிய விஷயம். வீட்டில் இதமாக இருந்த பேஸ் மேடையில் குமுறும். சவுண்ட் செக்கில் முதலில் பேஸைக் குறைத்துப் பாருங்கள், பாதிச் சத்தப் புகார் அதிலேயே அடங்கும்.

காது விஷயத்திலும் கணக்கு உண்டு. அமெரிக்காவின் நியோஷ் (பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) பரிந்துரைப்படி 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். நம் செட் ஒன்றரை மணி நேரம். பஞ்சு வைத்தால் ட்ரெபிள் மட்டும்தான் போகும், இசைக்கலைஞர்களுக்கான இயர் பிளக் தனியாகக் கிடைக்கிறது.

புதிதாக வாங்கப் போகிறவர் என்னைக் கேட்டால் 2019-இல் வந்த ஃபெண்டரின் டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்பைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். ட்யூப் இல்லை, எடை பத்து கிலோ சொச்சம். பின்னால் ஒரு சுவிட்சில் 22 வாட்டிலிருந்து 0.2 வாட் வரை இறக்கலாம், மிக்சருக்கு நேரடி அவுட்டும் உண்டு. ட்யூப்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பழைய ஹாட் ராட் டீலக்ஸையே எடுக்கலாம், கூடவே அந்த அலுமினிய டப்பாவுக்கும் ஒரு மரக்கட்டைக்கும் பையில் இடம் விடுங்கள்.