பஃப் பேனல் வாங்கப் போறீங்களா? ஃபோமை எடை போட்டுப் பார்த்துட்டு மீதிப் பணம் கொடுங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் காளான் ஷெட், குளிர் அறை, காட்டேஜ் என்று பஃப் பேனலில் (இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் ஃபோம் ஊதிய பலகை) கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கேத்தி பக்கம் எங்கள் மொட்டுக் காளான் அறைக்குக் கீழ்நாட்டு (சமவெளி) சப்ளையர் ஒருவரிடம் 50 மி.மீ. பேனல் எடுத்தோம். கொட்டேஷனில் ஃபோமின் அடர்த்தி 40 (ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ) என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். மாட்டும்போது ஜாயிண்ட் எல்லாம் கச்சிதம். உறைபனி விழ ஆரம்பித்ததும் தகடு அப்படியே நிற்க, ஃபோம் மட்டும் ஓரத்திலிருந்து உள்வாங்கிவிட்டது. இப்போது ஜாயிண்ட்டில் சுண்டுவிரல் நுழைகிறது.

காளான் பறிக்கும் பருவத்தில் உள்ளே 16 டிகிரி, ஈரப்பதம் 85-90 சதவீதம். வெளியே ராத்திரியில் 2, 3 டிகிரி. அந்தச் சந்தில் புகுந்த நீராவி தண்ணீராகிப் படுக்கை மேல் சொட்டியது. ஈரம் காயாத காளான் குடையில் பழுப்புப் புள்ளி நோய் வந்து, அந்த ஈட்டுக் காளான் முழுக்க விலை போகவில்லை. வயிறு எரிகிறது.

"மலைல குளிர் ஜாஸ்தி சார், எல்லாப் பேனலும் சுருங்கத்தான் செய்யும்" என்றார் சப்ளையர். ஆள் அனுப்பி சிலிக்கான் அடித்தார். அதுவும் பிய்ந்தது. இப்போது போனே எடுப்பதில்லை.

அவர் சொன்னது பொய். ஃபோம் ஊதும்போது உள்சூடு 100 டிகிரியைத் தாண்டும். ஆற ஆற, அதன் நுண்ணறைகளில் அடைபட்ட வாயுவின் அழுத்தம் இறங்கும். தண்ணீர் சேர்த்து ஊதிய ஃபோம் என்றால் கார்பன் டை ஆக்சைடு வேகமாக வெளியேறும், காற்று மெதுவாகத்தான் உள்ளே வரும். சரியான அடர்த்தி இருந்தால் நுண்ணறைகளின் சுவர் இதைத் தாங்கும். கெமிக்கலை மிச்சம் பிடித்து ஊதினால் சுவர் மெலிந்து, வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே ஒடுங்கும். குளிர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான்.

தகட்டை உரித்து, 10-க்கு 10 செ.மீ., 5 செ.மீ. கனத்தில் ஒரு துண்டு அறுத்து நகைத் தராசில் வைத்தோம். அடர்த்தி 40 என்றால் 20 கிராம் இருக்க வேண்டும். இருந்தது 15. அதாவது அடர்த்தி 30.

லாரியிலிருந்து இறக்கும் முன்பே ஒரு பேனலில் இப்படி அறுத்து எடை பாருங்கள். அடர்த்தியையும், இந்த வகை ஃபோமுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 12436-ஐயும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அறுக்க விடமாட்டேன் என்றால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.