வளையும் லேசர் கோட்டால் விரவலை அளத்தல்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஒரு திரவம் மற்றொன்றில் தானாகப் பரவிக் கலப்பதே விரவல்; அதன் வேகத்தைக் காட்டும் எண் விரவல் குணகம். திரவங்களின் விரவல் குணகத்தை அளப்பதற்கு ஓட்டோ வீனர் 1893இல் வெளியிட்ட ஒளிவிலகல் முறையை, லேசரைக் கொண்டு ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். லேசர் கதிர் 45 பாகை சாய்த்து வைத்த மெல்லிய கண்ணாடித் தண்டின் வழியே சென்று சாய்ந்த கோடாக விரிந்து, கரைசலும் நீரும் அடுக்காக நிற்கும் கண்ணாடிக் கலத்தைக் கடந்து திரையில் விழுகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒளிவிலகல் எண் உயரத்தோடு மாறுவதால், அங்கே கோடு கீழ்நோக்கி வளைந்து ஒரு பள்ளமாகத் தெரியும். 10 விழுக்காடு சர்க்கரைக் கரைசல், 1 செ.மீ. தடிமனுள்ள கலம், 1 மீட்டர் தொலைவில் திரை என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்குப் பின் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. இருக்கும்; நான்கு மணி நேரத்தில் அது பாதியாகிவிடும்.

லேசரை விடக் கலத்தை நிரப்பும் கைதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு. முதலில் நீரை ஊற்றி, நீண்ட ஊசியின் நுனி கலத்தின் அடியைத் தொடுமாறு இறக்கி, சிரிஞ்சிலிருந்து கரைசலை மிக மெதுவாகச் செலுத்தினால், நீர் கலங்காமல் மேலே எழும்பும். அப்படியும் எல்லை கத்தி வெட்டியதுபோல் அமைவதில்லை. ஆயினும் ஆழத்தின் வர்க்கத்தினுடைய தலைகீழியை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கிறது. தொடக்கக் கலப்பு அக்கோட்டை மூலப்புள்ளியிலிருந்து சற்றே நகர்த்துமே தவிர, அதன் சாய்வைக் கெடுப்பதில்லை. குணகத்தைத் தருவது அந்தச் சாய்வுதான் என்பதால், இம்முறையின் பெருஞ்சிறப்பாக நான் கருதுவது இதையே. வளைவுக்கும் சாய்கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பு நேரத்தோடு மாறக்கூடாது. அது குறையத் தொடங்கினால், விரவல் கலத்தின் அடியையோ மேற்பரப்பையோ எட்டிவிட்டது என்று பொருள்.

நீர்த்த சர்க்கரைக் கரைசலுக்கு 25 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 5.2×10⁻¹⁰ சதுர மீட்டரையும், சமையல் உப்புக்குச் சுமார் 1.5×10⁻⁹ சதுர மீட்டரையும் ஒட்டி விடை வரவேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் குணகம் இரண்டு முதல் மூன்று விழுக்காடு கூடிவிடுவதால், கலத்தருகே வெப்பமானி இல்லாமல் எடுத்த அளவீட்டை நான் ஏற்பதில்லை. ஒருபக்கம் வெயில் பட்டாலே போதும், வெப்பச்சலனம் புகுந்து வளைவைக் கோணலாக்கிவிடும்.

கோட்டின் மணல்மணலான தோற்றமும் தடிப்பும் ஒரு குறைதான். விளிம்பைக் குறிக்காமல் கோட்டின் நடுவைக் குறித்தால் பிழை பெரிதும் குறைகிறது. மின்கலத்தில் இயங்கும் சுட்டி லேசர் சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும் என்பதால், மின்இணைப்பில் இயங்கும் ஹீலியம்-நியான் லேசரே எனக்கு ஒத்துவருகிறது. குணகம் செறிவோடு வெகுவாக மாறும் கிளிசரின் போன்றவற்றுக்கு இந்த எளிய கணக்கு செல்லாது. அங்கே வளைவு சமச்சீர் இழந்து, அதன் ஆழத்திலிருந்து ஒற்றை எண்ணைப் பெறுவது பொருளற்றதாகிவிடுகிறது.