தோஹா புழுக்கத்துக்கு எது சரி, ஃபேனா ஏர் கூலரா ஏசியா?

அக்காட மகன் வாற மாசம் தோஹாக்குப் போறான், கடையில வேலை, ரூம் மட்டும் நாமளே தேடணுமாம். நேத்து மட்டக்களப்புக் கல்லடியில வீட்டுத் திண்ணையில இருந்து "மாமா, கச்சான் காத்தையே தாங்குற ஆக்கள் நாம, அங்க ஒரு ஏர் கூலர் வாங்கிப் போட்டாக் காணும்தானே" எண்டு கேட்டான். நான் அஞ்சு கோடை அங்க இருந்தவன், கூலர நம்பிக் காசும் குடுத்தவன், அதால இத எழுதுறன், போற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும்.

மெஷினப் பாக்க முதல் காத்தப் பாக்கணும். கச்சான் எண்டா மழையெல்லாம் மலைக்கு அங்கால கொட்டிப்போட்டு இங்கால இறங்கி வாற வறண்ட காத்து, உதடு வெடிக்கும், துவைச்ச சாரன் கெதியாக் காயும். தோஹாவிலயும் ஜூன்ல ஷமால் எண்ட வடமேல் காத்து அடிக்கிற நாள் கிட்டத்தட்ட அப்பிடித்தான், தூசியும் சூடும். ஆனா ஆகஸ்ட், செப்டம்பர்ல கடல் ஈரம் ஏறிரும். ராத்திரி பத்து மணிக்கு ஏசி ரூமுக்குள்ள இருந்து வெளிய கால் வைச்சா மூக்குக்கண்ணாடி வெள்ளையா மங்கும், வேர்வை வழியும் ஆனா காயாது. உடம்பு குளிர்றது வேர்வை காயுறதாலதான், வழியுறதால இல்ல.

இப்ப கூலர். நனைஞ்ச பட்டைக்குள்ளால காத்த இழுக்குது, தண்ணி ஆவியாகக்க சூட்டையும் எடுக்குது, கச்சானுக்கு யன்னல்ல ஈரச்சீலை தொங்கவிடுற அதே வேலை. கச்சானுக்கு நல்ல சாமான், ஜூன் தோஹாக்கும் பரவாயில்ல. ஆகஸ்ட்ல காத்தே ஈரம் நிறைஞ்சு நிக்கக்க தண்ணி எங்க ஆவியாகும்? நான் யன்னலையும் பூட்டிப்போட்டு அதப் போட்டன், ரெண்டாம் நாள் விடிய தலகணி ஈரம், அயன் பண்ணின சேட் சவசவத்துப் போய்த் தொங்குது, மெத்தையில பூஞ்சண மணம். காசு போனது போனதுதான்.

ஃபேனுக்கு ஒரு எல்லை இரிக்கி. நம்மட தோல் 35 டிகிரி கிட்ட, காத்து அதவிடக் கூடினா ஃபேன் வேர்வையக் காய வைச்சு உதவுமே தவிர காத்தக் குளிராக்காது, 40 தாண்டினா சூட்டத்தான் அள்ளி அடிக்கும். தனிய ஃபேன் மட்டும் உள்ள ரூம எவ்வளவு மலிவெண்டாலும் எடுக்காத.

அப்ப ஏசிதான். அது குளிராக்குறது பாதி வேலை, ஈரத்த எடுக்குறது மற்றப் பாதி. என்ட ரூம் விண்டோ ஏசிக்குக் கீழ ஒரு வாளி வைச்சிருந்தன், ஜூன்ல அடி மட்டும் நனையும், ஆகஸ்ட்ல விடிய நிறைஞ்சு வழியும், அவ்வளவு தண்ணியும் நாங்க படுத்த ரூம் காத்துல இருந்தது. விண்டோ சத்தம் போடும் ஆனா பழைய வீடுகள்ல அதுதான் கிடைக்கும், ஸ்ப்ளிட் அமைதி. சின்ன ரூமுக்குப் பெரிய ஏசியும் சரிவராது, கெதியாக் குளிராகி நிண்டுரும், ஈரம் அப்பிடியே கிடக்கும். 18ல வைக்காம 25ல வைச்சு ஃபேனையும் மெதுவாச் சுத்த விட்டா நல்லாப் படுக்கலாம், ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஃபில்டரக் கழுவணும்.

குளிக்கிறதுக்கு ஒரு விசயம், கூரையில இரிக்கிற தண்ணி டாங்கித் தண்ணி பகல்ல கை வைக்க ஏலாத சூடு. உள்ளுக்குள்ள இரிக்கிற ஹீட்டர ஆஃப் பண்ணி விட்டா அதுல நிக்கிற தண்ணி ஆறிக் கிடக்கும், சுடுதண்ணிப் பைப்பத் திறந்து குளி.

வெளி வேலைக்காரருக்கு ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 15 மட்டும் காலை 10:00 தொடக்கம் பின்னேரம் 3:30 வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாதெண்டு அங்க சட்டம், உரிமையாக் கேக்கலாம். ஆராவது வெயில்ல நிண்டு பேச்சுக் குழம்பினா நிழலுக்கு இழுத்து, உடுப்ப நனைச்சு, உடனே அவசர நம்பர் 999க்கு அடிக்கணும்.

ரூம் பாக்கப் போனா ஏசியப் போடச் சொல்லி அரை மணித்தியாலம் அங்கயே இரு எண்டு அவனுக்குச் சொல்லியிருக்கன். அக்கா அவன்ட பேக்ல பத்து ஜீவனி பக்கெட் (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) வைச்சவ, இன்னும் பத்து வைக்கச் சொன்னன்.