பெர்க்சனா, பென்ரோஸா, போல்ட்ஸ்மானா? காலத்தையும் பிரக்ஞையையும் இணைக்கும் மூன்று வழிகள்

இயற்பியலின் அடிப்படைச் சமன்பாடுகள் எதிலும் ‘இப்போது’ என்று ஒன்று கிடையாது. எது முன், எது பின் என்பது உண்டு. இடைவெளி எவ்வளவு என்பதும் உண்டு. இந்த நொடிதான் நடப்பு என்று சுட்டும் குறி மட்டும் இல்லை. இது தன்னை உறுத்துவதாக ஐன்ஸ்டைனே தத்துவவாதி ருடால்ஃப் கார்னாப்பிடம் சொல்லியிருக்கிறார். நமக்கோ விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த ‘இப்போது’தான் எல்லாம். இந்த முரண் ஏன் என்பதற்கு வந்த விடைகளில் மூன்றைத் தொடர்ந்து படித்துவந்து, இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் வழி வந்த விடையில் நின்றுவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சன். 1922 ஏப்ரல் 6 அன்று பாரிஸில் அவரும் ஐன்ஸ்டைனும் ஒரே அவையில் பேசினார்கள். கடிகாரம் அளப்பது உண்மையான காலத்தை அல்ல, நாம் உள்ளுக்குள் வாழ்ந்து உணரும் இடையறாத நீட்சியே அசல் காலம் என்பது பெர்க்சன் கட்சி. தத்துவவாதிகளுக்கென்று தனிக் காலம் ஒன்றும் இல்லை என்றார் ஐன்ஸ்டைன். அனுபவத்தை விவரிப்பதில் பெர்க்சனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒரே நிகழ்கணம் பிரபஞ்சம் முழுக்க ஓடுகிறது என்று கொண்டால் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு வழிமறிக்கிறது. ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் அவரைத் தாண்டி நடக்கிறார். அந்த நடை வேகமே போதும், சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தில் ‘இப்போது’ எது என்பதில் இருவருக்கும் சுமார் நான்கு நாள் வித்தியாசம் வந்துவிடும்.

அடுத்தது இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸும் மயக்க மருந்து நிபுணர் ஸ்டுவர்ட் ஹேமராஃபும் முன்வைத்தது. நரம்புச் செல்லுக்குள் இருக்கும் மைக்ரோடியூபுல் என்ற நுண்குழாய்களில் குவாண்டம் நிலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, அதாவது பல நிலைகள் ஒரே சமயத்தில், நிற்கின்றன. ஈர்ப்புவிசை காரணமாக அவை தாமாகவே ஒரே நிலைக்குச் சரிகின்றன. ஒவ்வொரு சரிவும் பிரக்ஞையின் ஒரு கணம். காலம், ஈர்ப்பு, மனம் மூன்றையும் ஒரே முடிச்சில் போடும் துணிச்சல் வேறு யாருக்கும் வந்ததில்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய கருத்து என்பதும் பெரிய விஷயம். சிக்கலும் அங்கேதான். அவர்கள் கணக்குக்கு அந்தக் குவாண்டம் நிலை சுமார் 25 மில்லிவினாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மூளையின் சூட்டிலும் ஈரத்திலும் 10⁻¹³ வினாடிக்கு மேல் தாங்காது என்று 2000-ல் இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் கணக்கிட்டார். பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேலான இடைவெளி. ஹேமராஃப் தரப்பு மறுப்பு எழுதியது. அப்புறம் இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கடியில் நடந்த சோதனை, 2020-ல் வெளியான முடிவுகளின்படி, ஈர்ப்புச் சரிவின் எளிய வடிவத்தைத் தள்ளிவிட்டது. பென்ரோஸின் சொந்த வடிவத்துக்கு இன்னும் இடமிருக்கிறது, ஆனால் சுருங்கிவிட்டது.

சரி, என் தேர்வுக்கு வருகிறேன். 1908-ல் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி வரைந்த நான்கு பரிமாண வெளி-காலத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது: நேற்றும் நாளையும் இன்றைப் போலவே இருக்கின்றன, எதுவும் ஓடவில்லை. பிறகு ஏன் ஓடுவதாகத் தெரிகிறது? என்னைத் தீர்மானிக்க வைத்தது இந்த ஒரே கேள்விதான். இதையே இன்னும் கூர்மையாகக் கேட்கலாம்: நேற்று நடந்தது நினைவில் இருக்கிறது, நாளை நடக்கப்போவது ஏன் இல்லை?

அணுக்களின் அளவில் இயக்க விதிகள் ஏறக்குறைய இரு திசையிலும் ஒன்றுதான். ஒரு திசை வருவது என்ட்ரோபியால், அதாவது ஒரு நிலை எவ்வளவு கலைந்திருக்கிறது என்ற அளவால். ஒழுங்கான நிலைகள் கொஞ்சம், கலைந்த நிலைகள் ஏராளம். அதனால் கலைவதே பெரும்பாலும் நடக்கும் என்று 1877-ல் போல்ட்ஸ்மான் காட்டினார். நினைவு என்பது ஒரு பதிவு. ஈர மணலில் காலடி பதிய வேண்டுமானால் மணல் முதலில் சமமாகக் கிடந்திருக்க வேண்டும், பதியும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகச் சிதற வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அந்தத் தடத்தைப் பார்த்து ‘யாரோ நடந்துபோயிருக்கிறார்கள்’ என்று சொல்ல முடியும். மூளையும் இதற்கு விலக்கல்ல. அது சுமார் 20 வாட் செலவிட்டு, வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டேதான் பதிவுகளைச் செய்கிறது. பதிவை அழித்து இடத்தை மறுபடி காலியாக்கவும் விலை உண்டு: ஒரு பிட்டுக்கு (ஆம்/இல்லை என்ற ஒரே ஒரு தகவலுக்கு) அறை வெப்பநிலையில் குறைந்தது சுமார் 3×10⁻²¹ ஜூல் என்று 1961-ல் இயற்பியலாளர் ரால்ஃப் லாண்டவர் சொன்னார். 2012-ல் லேசர் ஒளியில் பிடித்துவைத்த நுண்ணிய சிலிக்கா மணியைக் கொண்டு அது சோதித்து உறுதி செய்யப்பட்டது. ஆக, நினைவு எந்தப் பக்கத்தைப் பற்றியதோ அந்தப் பக்கமே என்ட்ரோபி குறைவான பக்கம். ஓடாமல் பாளமாகக் கிடக்கும் காலத்தின் ஒவ்வொரு வெட்டிலும், அதாவது ஒவ்வொரு கணத்திலும், உள்ள மூளையில் ஒரு பக்கத்துப் பதிவுகள் மட்டுமே இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு வெட்டும் தன்னை ‘இதுவரை வந்து சேர்ந்த இடம்’ என்றே உணரும். புதுப் பொருள் எதையும் கற்பிக்காமல், ஆய்வகத்தில் அளந்த இயற்பியலை மட்டும் வைத்தே இது கிடைக்கிறது. மற்ற இரண்டும் இந்தக் கேள்விக்குத் தனியாக ஏதாவது சேர்த்தாக வேண்டும்.

இதற்கும் இரண்டு கடன்கள் பாக்கி. பிரபஞ்சம் ஏன் அவ்வளவு குறைந்த என்ட்ரோபியில் தொடங்கியது என்பதற்கு விடை இல்லை. அப்படி ஒரு தொடக்கம் எவ்வளவு அரிது என்று கணக்கிட்டு, 10-இன் அடுக்கில் 10¹²³ என்ற நம்பமுடியாத எண்ணைக் கொடுத்தவர் பென்ரோஸ்தான். அந்த வேலைக்காக அவரை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்னொன்று, நினைவின் திசையை விளக்கினாலும், உணர்வு என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்பதை இந்த வழி தொடவில்லை. அங்கே எனக்கும் உறுதியாகச் சொல்ல எதுவுமில்லை, பெர்க்சனைத்தான் திரும்பப் படிக்கிறேன். உயிருள்ள நரம்புச் செல்லில் குவாண்டம் நிலை மில்லிவினாடிக் கணக்கில் நின்றதாக யாராவது அளந்து காட்டினால் பென்ரோஸ் பக்கம் போகத் தயங்கமாட்டேன்.